மூளை நின்றால் உயிர் எங்கே?

(நம் சங்கத்தின் பொன்விழா ஆண்டுக் குடும்ப ஒன்றுகூடலில், சங்க உறுப்பினரும் ஓய்வுபெற்ற மூத்த தாதியுமான சகோதரி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பின்னாலிருந்து பிரியாணி மணம் வரத் தொடங்கிவிட்டது. இந்த நேரத்தில் மேடை ஏறுகிறவர் சுருக்கமாகப் பேசுவதுதான் மரியாதை. முடிந்தவரை முயல்கிறேன்.

செயலவையினர் எனக்குக் கொடுத்த தலைப்பு, "மூளை நின்றால் உயிர் எங்கே?" என்பது. மனிதனுடைய உணர்வு, நினைவு, 'நான்' என்ற எண்ணம் எல்லாம் மூளையால் மட்டும் உண்டாகிறதா, அல்லது மூளையைத் தாண்டியும் அது இருக்கிறதா என்ற கேள்வி. நான் ஆலிமா அல்ல, மருத்துவரும் அல்ல. முப்பத்தொரு வருடம் தாதியாக இருந்தவள். அதில் பாதிக் காலம் தீவிர சிகிச்சைப் பிரிவில். உயிர் போகும் நேரத்தில் பக்கத்தில் நின்றவள் என்ற ஒரே தகுதியில்தான் பேச வந்திருக்கிறேன். மார்க்க விஷயத்தில் நான் பிழையாகச் சொன்னால் ஹஜ்ரத் அவர்கள் திருத்த வேண்டும்.

முதலில் என் வீட்டுக் கதை. 1999-ஆம் ஆண்டு. நோன்பு தொடங்க இன்னும் பத்துப் பதினைந்து நாள். என் ராத்தாவின் கணவர், எங்கள் மச்சான், அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. தேக்காவில் சாமான் வாங்கிக்கொண்டு பஸ்சுக்கு நின்றவர், தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். மூளைக்குள் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அது நான் வேலை பார்த்த இடம் அல்ல. மூன்றாம் நாள், மருத்துவர்கள் குடும்பத்தாரைத் தனி அறைக்கு அழைத்து, "மூளை முழுவதும் செயலிழந்துவிட்டது, இது மரணம்தான்" என்றார்கள்.

ராத்தா வெளியே வந்து நேராகக் கட்டிலுக்குப் போனாள். மச்சானின் கையைப் பிடித்தாள். என்னைப் பார்த்தாள்.

"கை சூடா இருக்குடி. நெஞ்சு ஏறி இறங்குது. மவுத்துன்னு சொல்றாங்களே, எப்படி?"

"மெஷின் மூச்சு கொடுக்குது ராத்தா" என்றேன்.

"அப்ப அவர் எங்கே?"

எனக்குப் பதில் வரவில்லை. வேறு குடும்பங்களுக்கு எத்தனையோ முறை மருத்துவர் சொன்னதை எளிமைப்படுத்திச் சொன்னவள் நான். என் ராத்தாவிடம் வாய் அடைத்துப்போனேன். அந்தக் கேள்வியை இருபது வருடத்துக்கு மேல் சுமந்துகொண்டிருக்கிறேன். இன்று இந்தத் தலைப்பை ஏற்றுக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

கை ஏன் சூடாக இருந்தது? முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மூச்சு விடச் சொல்லிக் கட்டளை இடுவது மூளைத்தண்டு. அது போனால் மூச்சு தானாக வராது. ஆனால் இதயம் அப்படி இல்லை. இதயத்துக்குள்ளேயே துடிப்பைத் தொடங்கி வைக்கும் ஒரு சிறு திசு இருக்கிறது. மூளை சொல்லாவிட்டாலும், ஆக்சிஜன் கிடைக்கிறவரை அது துடிக்கும். சுவாசக் கருவி நுரையீரலுக்குக் காற்றைத் தள்ளுகிறது, இரத்தத்துக்கு ஆக்சிஜன் கிடைக்கிறது, இதயம் துடிக்கிறது, கை சூடாக இருக்கிறது. பெரும்பாலும் சில நாள்களில் அந்த இதயமும் நின்றுவிடும். நம் பாட்டன்மார் காலத்தில் இந்தக் குழப்பமே இல்லை. மூச்சு நின்ற சில நிமிடங்களில் நாடியும் நின்றுவிடும். உயிர் போனது எல்லாருக்கும் தெரியும். இந்தக் கேள்வியை நம் வீட்டுக்குள் கொண்டுவந்தது சுவாசக் கருவிதான்.

இனி மூளைக்கும் உணர்வுக்கும் உள்ள உறவைப் பார்ப்போம்.

மூளை உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. இதயம் நின்றால் பத்து வினாடி அளவில் நினைவு தப்பிவிடும். அறுவைச் சிகிச்சைக்கு முன் நரம்பில் மருந்து ஏற்றும்போது, எண்ணிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னால், ஏழு எட்டு வரும்முன் ஆள் இருக்கமாட்டார். பக்கவாதத்தில் மூளையின் ஒரு பக்கம் கெட்டால், எதிர்ப் பக்கத்துக் கை தன்னுடையது என்பதையே சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 1848-இல் அமெரிக்காவில் ரயில்பாதை வேலையில் இருந்த ஃபினியஸ் கேஜ் என்பவரின் முன்மூளை வழியாக இரும்புக் கம்பி ஒன்று பாய்ந்து வெளியேறியது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அவரை அறிந்தவர்கள், இவர் பழைய கேஜ் இல்லை என்றார்கள். குணமே மாறிவிட்டது.

இந்த மண்டபத்தில் மறதி நோயால் அவதிப்படும் தாய் தந்தையரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெற்ற பிள்ளையைப் பார்த்து "நீங்க யாரு?" என்று உம்மா கேட்கும்போது, நினைவு என்பது மூளையை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பது நெஞ்சில் அடித்தது போலப் புரியும்.

இதையெல்லாம் வைத்து அறிவியலார் பலர், உணர்வு மூளையின் செயல்தான், மூளை நின்றால் அதுவும் முடிந்தது என்கிறார்கள். அந்த வாதம் பலமானது. நாம் விசுவாசிகள் என்பதற்காக அதைப் பலவீனமானது போலக் காட்டத் தேவையில்லை.

ஆனால் அதே சான்றுகளைப் பார்த்து வேறு விதமாகச் சிந்தித்தவர்களும் உண்டு. கனடாவின் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் இருந்தார். வலிப்பு நோயாளிகளுக்கு, அவர்கள் விழித்திருக்கும்போதே மூளையைத் திறந்து சிகிச்சை செய்தவர். மூளையின் ஓர் இடத்தில் மெல்லிய மின்சாரம் கொடுத்தால் நோயாளியின் கை தூக்கும். வேறோர் இடத்தில் கொடுத்தால் எப்போதோ கேட்ட பாட்டு காதில் ஒலிக்கும். ஆனால் கை தூக்கியபோது நோயாளிகள், அதைச் செய்தது நான் இல்லை, நீங்கள்தான் என்று அவரிடம் சொன்னார்கள். கையை அசைக்க முடிந்தது, 'நான் அசைக்கிறேன்' என்ற எண்ணத்தை மின்சாரத்தால் உண்டாக்க முடியவில்லை. மனத்தை மூளையால் மட்டும் விளக்கிவிட முடியும் என்று தமக்குத் தோன்றவில்லை என 1975-இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதினார். இதை எல்லா நரம்பியலாளர்களும் ஏற்கவில்லை. ஆனால் வாழ்நாள் முழுவதும் மூளையைக் கையில் தொட்டுப் பார்த்தவரின் கருத்து அது.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1897-இல் ஆற்றிய ஓர் உரையில் இதற்கு ஒரு வழி காட்டினார். ஒன்று மற்றொன்றைச் சார்ந்திருக்கிறது என்றால், அது இதனால் உற்பத்தியாகிறது என்று மட்டும்தான் பொருள் கொள்ள வேண்டுமா, இதன் வழியாக வருகிறது என்றும் கொள்ளலாமே என்றார். நம் டன்லப் ஸ்திரீட் பழைய கடைவீடுகளை நினைத்துப் பாருங்கள். மரப்பலகை ஜன்னல்கள். ஜன்னலைச் சாத்தினால் அறை இருண்டுவிடும். அறைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த ஒருவன், வெளிச்சத்தை உண்டாக்குவதே ஜன்னல்தான் என்று எண்ணலாம். ஜன்னல் உடைந்தால் வெளிச்சம் குறையும், கண்ணாடி நிறம் மாறினால் வெளிச்சத்தின் நிறம் மாறும். அவன் சோதித்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவன் எண்ணம் சரி என்றே தோன்றும். சூரியன் இருப்பது அறைக்குள் இருப்பவனுக்குத் தெரிய வழியில்லை.

இந்த உவமை சூரியன் இருப்பதை நிரூபிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜன்னலா விளக்கா என்பதை அறைக்குள்ளிருந்து மட்டும் முடிவு செய்ய முடியாது என்பதைத்தான் காட்டுகிறது.

அப்படியானால் வெளியே எட்டிப் பார்த்துத் திரும்பியவர்கள் உண்டா? இதயம் நின்று, பின் மீட்கப்பட்டவர்களில் சிலர், உடலுக்கு மேலே நின்று பார்த்தேன், ஒளியைக் கண்டேன் என்கிறார்கள். நானே அப்படிச் சொன்ன நோயாளிகளுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். இதை ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். நெதர்லாந்தில் பிம் வான் லோமெல் என்ற இதய மருத்துவர், இதயம் நின்று மீண்ட 344 பேரை விசாரித்து 2001-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். 62 பேர், அதாவது நூற்றுக்குப் பதினெட்டுப் பேர், ஏதோ ஓர் அனுபவத்தைச் சொன்னார்கள். பிறகு டாக்டர் சாம் பர்னியா தலைமையில் பல மருத்துவமனைகள் சேர்ந்து பெரிய ஆய்வு ஒன்றைச் செய்தன. 2014-இல் முடிவு வெளியானது. கூரைக்கு அருகே தட்டுகள் அமைத்து, மேலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும்படி படங்களை வைத்தார்கள். இதயம் நின்ற 2,060 நிகழ்வுகளில், பிழைத்து நேர்காணலுக்கு வர முடிந்தவர்கள் 140 பேர். நடந்ததைத் தெளிவாகக் கண்டு கேட்டதாகச் சொன்னவர்கள் இரண்டே பேர். அந்த இருவருமே தட்டு வைக்காத இடங்களில் கிடந்தவர்கள். படத்தைப் பார்த்தவர் என்று ஒருவரும் இல்லை.

அதனால் இந்த அனுபவங்களைக் காட்டி, பார்த்தீர்களா, ரூஹு நிரூபணமாகிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். அந்த மனிதர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் திரும்பி வந்தவர்கள். அவர்கள் மூளை சாகவில்லை. மூளைச்சாவு அடைந்து திரும்பி வந்து நமக்குச் சொன்னவர் யாரும் இல்லை. நம் ஈமான் அந்தத் தட்டுகளின் மேல் வைத்த படங்களை நம்பி நிற்கவில்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது? ரூஹைப் பற்றிக் கேட்டவர்களுக்குக் குர்ஆன் 17-ஆம் அத்தியாயத்தின் 85-ஆம் வசனத்தில் கொடுக்கும் பதில், அது இறைவனின் காரியம், மனிதனுக்குக் கிடைத்த அறிவு சிறிதே என்ற கருத்தோடு நின்றுவிடுகிறது. உறக்கத்தையும் மரணத்தையும் அருகருகே வைத்து 39-ஆம் அத்தியாயம் பேசுகிறது. ரூஹு உடலில் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு வரைபடம் நமக்குத் தரப்படவில்லை.

நம் அறிஞர்கள் ஆனாலும் சிந்திக்காமல் இருக்கவில்லை. மருத்துவத்தில் உலகுக்கே ஆசானாக இருந்த இப்னு சீனா, 1037-இல் மறைந்தவர், ஒரு கற்பனையைச் சொன்னார். ஒரு மனிதன் முழு வளர்ச்சியோடு வெட்டவெளியில் படைக்கப்படுகிறான். கண் மூடியிருக்கிறது, எதுவும் அவனைத் தொடவில்லை, தன் கைகால்களைக்கூட அவன் உணரவில்லை. அப்போதும் 'நான் இருக்கிறேன்' என்பதை அவன் அறிவான் அல்லவா என்று கேட்டார். மூளையைத் தெரியாதவர் சொன்னது அல்ல இது. மூளையின் எந்தப் பகுதியில் கற்பனை, எந்தப் பகுதியில் நினைவு என்று வகுத்து எழுதியவரே சொன்னது.

1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, 'இஹ்யா' நூலில் மரணத்தைப் பற்றி எழுதும் இடம், நான் இந்த உரைக்காகத் தேடியபோது என்னை நிறுத்திவிட்டது. உறுப்புகள் ரூஹின் கருவிகள் என்கிறார். ஒரு கை வாதத்தால் செயலிழந்தால் அந்த ஒரு கருவி மட்டும் ரூஹின் சொல்லைக் கேட்கவில்லை. மரணம் என்பது எல்லா உறுப்புகளும் ஒருசேரச் சொல் கேளாமல் போவது. கருவிகள் போனதால் அவற்றை ஆண்டவர் இல்லாமல் போய்விடவில்லை என்பது அவர் கருத்தின் சாரம். சுவாசக் கருவி வருவதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பு எழுதப்பட்டது இது. மூளைச்சாவு பற்றி எழுதும் இக்கால அறிஞர்கள் சிலர் இந்த இடத்தைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

ஆக, மூளை நின்றது என்று மருத்துவர் சொன்னால், உணர்வு முழுவதும் மூளைதான் என்று நாம் ஒப்புக்கொண்டதாக ஆகாது. இனி இந்த உடல் என்ற கருவி மொத்தமாகச் சொல் கேளாது என்பதைத்தான் அவர் உறுதி செய்கிறார். ரூஹு மூளையில் இருக்கிறதா இல்லையா என்பது மருத்துவர் தீர்க்கிற வழக்கும் அல்ல.

உறுதி செய்வது எப்படி? இங்கேதான் நம் மக்களுக்குப் பயம். கோமாவில் இருந்தவர் எழுந்துவிட்டாரே என்பார்கள். கோமா வேறு, விழித்தும் உணர்வில்லாத நிலை வேறு, மூளைச்சாவு வேறு. கோமாவில் மூளைக்கு உயிர் இருக்கிறது. 2006-இல் ஏட்ரியன் ஓவன் என்ற ஆய்வாளர், விபத்தில் சிக்கி ஐந்து மாதமாக உணர்வில்லாமல் கிடந்ததாகக் கருதப்பட்ட 23 வயதுப் பெண்ணை ஸ்கேன் கருவியில் வைத்து, டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள் என்றார். நலமாக இருப்பவர் நினைத்தால் மூளையில் எந்த இடம் இயங்குமோ, அதே இடம் அவளுக்கும் இயங்கியது. வெளியே அசைவில்லை, உள்ளே ஆள் இருந்தாள். ஆகவே கண்ணால் பார்த்து மட்டும் முடிவு கட்டக்கூடாது. அதற்காகத்தான் மூளைச்சாவுக்குச் சோதனைகள் கடுமையாக வைக்கப்பட்டிருக்கின்றன.

சிங்கப்பூரில் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகச் சோதித்துச் சான்றளிக்க வேண்டும். உறுப்பு எடுக்கப்போகிறார்கள் என்றால், அந்த இருவரும் நோயாளிக்குச் சிகிச்சை செய்தவர்களாகவோ, உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் சம்பந்தப்பட்டவர்களாகவோ இருக்கக்கூடாது. மூளை எதனால் கெட்டது என்பது தெரிந்திருக்க வேண்டும். மருந்து மயக்கமோ உடல் குளிர்ந்ததோ காரணம் இல்லை என்று உறுதியாக வேண்டும். கண்ணில் வெளிச்சம் அடித்தால் பாவை சுருங்குகிறதா? கருவிழியைத் தொட்டால் இமைக்கிறதா? காதுக்குள் ஐஸ் தண்ணீர் விட்டால் கண் அசைகிறதா? தொண்டையைத் தொட்டால் குமட்டலோ இருமலோ வருகிறதா? வலி கொடுத்தால் முகம் சுளிக்கிறதா? கடைசியாக, சுவாசக் கருவியிலிருந்து பிரித்து, இரத்தத்தில் கரியமிலவாயு ஏற விட்டு, தானாக ஒரு மூச்சாவது வருகிறதா என்று பார்ப்பார்கள். இத்தனைக்கும் பதில் இல்லை என்றால்தான் மூளைச்சாவு. சில நேரம் அதற்குப் பிறகும் கையோ காலோ இலேசாக அசையும். அது முதுகுத்தண்டின் அனிச்சைச் செயல். அதைப் பார்த்துக் கதறிய தாய்மாரை நான் தாங்கிப் பிடித்திருக்கிறேன்.

இதை மார்க்க அறிஞர்கள் ஒரே நாளில் ஏற்றுக்கொள்ளவில்லை. 1968-இல் ஹார்வர்ட் குழு மூளைச்சாவுக்கு இலக்கணம் வகுத்தது. இஸ்லாமிய நாடுகள் கூட்டமைப்பின் ஃபிக்ஹு அகாடமி 1986-இல் அம்மானில் கூடி, மூளையின் எல்லாச் செயல்களும் மீளமுடியாதபடி நின்றுவிட்டதாக நிபுணர்கள் முடிவு செய்தால் அதை மரணமாகக் கொள்ளலாம், கருவியால் இதயம் துடித்துக்கொண்டிருந்தாலும் கருவியை அகற்றலாம் என்று தீர்மானித்தது. அடுத்த ஆண்டு மக்காவில் கூடிய ஃபிக்ஹு சபை, கருவியை அகற்றலாம், ஆனால் இதயமும் மூச்சும் நின்ற பிறகே மவுத்தின் சட்டங்கள் தொடங்கும் என்றது. இன்றும் கருத்து வேற்றுமை இருக்கிறது. வேற்றுமை இருப்பது பலவீனம் அல்ல. உயிர் விஷயத்தில் பெரியவர்கள் பயந்து பயந்து நடந்திருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம்.

நம் சிங்கப்பூரில் இது எப்படி வந்தது? இங்கே முதல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை 1970-இல் நடந்தது. முயிஸ் ஃபத்வாக் குழு 1973-இல் உறுப்பு தானம் கூடாது என்று தீர்ப்பளித்தது. 1986-இல், வாரிசுகளின் சம்மதத்தோடு சிறுநீரகம் கொடுக்கலாம் என்று அது மாறியது. 1987-இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம், நாம் 'ஹோட்டா' என்று சொல்வது, வந்தபோது முஸ்லிம்கள் அதில் சேர்க்கப்படவில்லை. விரும்பியவர்கள் தாமாகக் கையெழுத்துப் போட்டுச் சேரலாம் என்று இருந்தது. அப்படிச் சேராத முஸ்லிம்களுக்குக் காத்திருப்போர் பட்டியலில் முன்னுரிமை குறைவு. பிறகு கருவிழி, கல்லீரல், இதயம் என்று அனுமதி விரிந்தது. 2007-இல் முஸ்லிம்களும் ஹோட்டாவில் அடங்கலாம் என்ற ஃபத்வா வந்தது. 2008 ஆகஸ்ட் 1 முதல் சட்டம் நமக்கும் பொருந்துகிறது. அதாவது 21 வயது நிறைந்த குடிமகனோ நிரந்தரவாசியோ மறுப்பு எழுதிக் கொடுக்காவிட்டால், இறந்த பின் சிறுநீரகம், கல்லீரல், இதயம், கருவிழி ஆகியவற்றை எடுக்கலாம். மறுப்பு எழுதிக் கொடுக்கும் உரிமை உண்டு. அப்படிக் கொடுத்தவருக்கு நாளை தமக்கே உறுப்பு தேவைப்பட்டால் முன்னுரிமை குறையும்.

ஒரே குழு, முப்பத்து நான்கு வருடத்தில் 'கூடாது' என்பதிலிருந்து 'கூடும்' என்பதற்கு வந்திருக்கிறது. குர்ஆன் மாறவில்லை. மருத்துவம் தெளிவானது, தேவை பெரிதானது, அறிஞர்கள் திரும்பவும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

மறுபடியும் என் வீட்டுக்கு வருகிறேன். 1999-இல் மச்சானின் சிறுநீரகத்தை யாரும் கேட்கவில்லை. அவர் கையெழுத்துப் போட்டவர் இல்லை. நாங்களும் அதைப் பற்றி நினைக்கவில்லை. அன்று சுபுஹுக்குக் கொஞ்சம் முன்னால் இதயமும் நின்றது. லுஹருக்குப் பின் சுவாசூகாங்கில் அடக்கம் செய்தோம்.

மூன்று வருடம் கழித்து என் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. சர்க்கரை நோய். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், வீவக பிளாக்கின் கீழே இருந்த மையத்தில் டயாலிசிஸ். எட்டு வருடம். பெருநாள் அன்றும் போவான். சொந்தக்காரர்கள் யாருடைய சிறுநீரகமும் பொருந்தவில்லை. ஒருநாள் உம்மா கேட்டார்: "யாராவது கொடுத்தா நம்ம வாங்கிக்கலாம். நம்ம கொடுக்கணும்னா மட்டும் யோசிக்கிறோமே. இது என்ன நியாயம்?" எழுதப் படிக்கத் தெரியாத என் உம்மா கேட்ட அந்தக் கேள்விக்கு முன்னால் எங்கள் படிப்பெல்லாம் தலைகுனிந்தது.

2010-இல் நள்ளிரவு கடந்து ஒரு தொலைபேசி அழைப்பு. சிறுநீரகம் கிடைத்திருக்கிறது, உடனே வாருங்கள் என்றார்கள். கொடுத்தவர் யார், என்ன இனம், என்ன மதம், எதுவும் சொல்லமாட்டார்கள். நாங்களும் கேட்கவில்லை. தம்பி அறுவைக்கு உள்ளே போன பிறகு, வெளியே நாற்காலியில் ராத்தா என் பக்கத்தில் தஸ்பீஹோடு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று சொன்னாள்:

"இப்ப எங்கேயோ ஒருத்தி சூடான கையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா."

இருவரும் அழுதோம். சந்தோஷத்திலா துக்கத்திலா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அன்றுதான் நான் ராத்தாவிடம் மனம் திறந்தேன். "நீ அன்னைக்குக் கேட்டியே, அவர் எங்கேன்னு. எனக்குப் பதில் தெரியல, அதான் பேசாம இருந்துட்டேன்" என்றேன்.

அவள் சொன்னாள்: "தெரியலன்னு சொல்லியிருந்தாலே போதும்டி. நீயும் நானும் சேர்ந்தே தெரியாம இருந்திருப்போம். நீ நர்ஸ் மாதிரி நின்னுட்டே. தங்கச்சியா நிக்கல."

சகோதர சகோதரிகளே, இந்தத் தலைப்புக்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான். இந்த உலகத்தில் நாம் நினைப்பதற்கும் பேசுவதற்கும் ஒருவரையொருவர் அடையாளம் காண்பதற்கும் மூளை வேண்டும். அதை மறுப்பது கண்ணெதிரே உள்ளதை மறுப்பது. அந்தக் கருவி போன பின் அதை ஆண்டது எங்கே போகிறது என்பதை எந்த ஸ்கேனும் காட்டவில்லை. இல்லை என்றும் காட்டவில்லை. நாம் அதை விசுவாசத்தால் ஏற்கிறோம். விசுவாசத்தை ஆய்வு முடிவு போலக் காட்ட வேண்டாம். ஆய்வு முடிவை விசுவாசத்துக்கு எதிரி போலவும் காட்ட வேண்டாம்.

இறங்குமுன் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று. இன்று வீட்டுக்குப் போனதும் இதைப் பற்றிப் பேசுங்கள். எனக்கு இப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கணவன் மனைவிக்கும், பெற்றோர் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் வைத்து முதல்முறையாகப் பேசுகிற விஷயம் அல்ல இது.

இரண்டு. சட்டத்தில் இருப்பதா, மறுப்பு எழுதிக் கொடுப்பதா என்பதை அறிந்து முடிவு செய்யுங்கள். மாற்றுக் கருத்துள்ள அறிஞர்களைப் பின்பற்றி ஒருவர் மறுத்தால் அவரைக் கருமி என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் தெரியாமலே பயந்து மறுப்பதும், தெரியாமலே இருப்பதும் நமக்கு அழகல்ல. நான் சட்டத்தில் இருக்கிறேன். ஓர் உயிரைக் காத்தவர் மனித குலம் முழுவதையும் காத்தவர் போன்றவர் என்ற போதனையை நம்பித்தான் இருக்கிறேன்.

மூன்று. நம்மில் யாராவது அந்தக் கட்டில் அருகே நிற்கும்போது, சங்கத்தைச் சேர்ந்த மற்றவர்கள் போய் நில்லுங்கள். விளக்கம் சொல்லத்தான் வேண்டும் என்று இல்லை. கலிமா சொல்லிக் கொடுங்கள், யாசீன் ஓதுங்கள், ஒரு டம்ளர் தேத்தண்ணி வாங்கிக் கொடுங்கள். ஐம்பது வருடமாக இந்தச் சங்கம் கல்யாணத்துக்கும் மவுத்துக்கும் ஓடியது. இந்த இடைப்பட்ட வாசலுக்கும் ஓட வேண்டிய காலம் வந்திருக்கிறது.

என் ராத்தா இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். அவள் சம்மதத்தோடுதான் இதையெல்லாம் சொன்னேன். தம்பி பின்னால் பிரியாணிச் சட்டி அருகே நிற்கிறான். உப்பு அவனுக்குக் குறைவாகப் போடுங்கள்.

நமக்குமுன் சென்றவர்களின் கபுரை அல்லாஹ் விசாலமாக்குவானாக. பெயர் தெரியாத அந்தக் கொடையாளியின் குடும்பத்துக்கு நல்லதைச் செய்வானாக. நம் அனைவருடைய கடைசி மூச்சையும் ஈமானோடு ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.